வலது காலில் வலி, இடது கையில் தடி

மனித உடம்பில் இருநூற்றாறு எலும்பு. அத்தனைக்கும் எனக்குப் பெயர் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

பொய். எனக்குத் தெரிந்தது நல்லி எலும்பும் நெஞ்செலும்பும்தான். அதுவும் ஆட்டுக்கு. என் சொந்த உடம்பில் ஒரே ஒரு எலும்பை இப்போது தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்கு ஏழு மாதமும், ஒரு சாக்கு நிறைய மாத்திரையும், என் மானமும் செலவாகியிருக்கிறது.

போன வாரம் மாடு துரத்திய கதையைப் படித்துவிட்டு, பொந்தியானிலிருந்து ஒரு அம்மா சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாக எழுதியிருந்தார். அம்மா, இந்த வாரம் உங்கள் வயிற்றுக்கு ஓய்வு. நான் கோபமாக இருக்கிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இதை நான் எழுதவில்லை. நான் வாயால் சொல்கிறேன், மருமகள் புவனா கைப்பேசியில் தட்டுகிறாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. என் பேச்சை அவள்தான் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, தலைவாரி அனுப்புகிறாள். கெட்ட வார்த்தைகளை எடுத்துவிடுவாள். இன்றைக்கு ஒரு வார்த்தையை மட்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையால்தான் இத்தனை வினை.

இன்று நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளைக்கு வலது காலில் அறுவை. பையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. வண்டி வரும்வரை சொல்கிறேன்.

இடுப்பு என்பது எது?

யோங் பெங்கில் ஒரு மேசை நாற்காலி ஃபேக்டரியில் பதினோரு வருடமாக வேலை. அலமாரிகளைக் கன்டெய்னரில் ஏற்றுவது. படிக்காதவனுக்குத் தோளும் காலும்தான் சர்ட்டிபிகேட்.

வலி முதலில் வந்தது மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கும்போது. காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் போனேன். தொடை தொடங்குகிற சந்தில் யாரோ திருகாணியை முறுக்கியது போல இருந்தது. பிறகு அங்கிருந்து முட்டி வரைக்கும் ஒரு இழுப்பு. செருப்பு மாட்டக் குனிந்தால் இழுப்பு. கோயிலில் சாப்பாட்டுக்குச் சம்மணம் போட்டால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். கால் நகம் வெட்ட எட்டவில்லை. மனைவி மல்லிகா வெட்டிவிட்டாள், ஒவ்வொரு நகத்துக்கும் ஒரு வசவு வீதம்.

"எங்கங்க வலிக்குது?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"இடுப்பு வலி" என்றேன்.

"இந்த வயசுலயா? ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா?"

அதுதான் நம் தமிழ். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இடுப்பு. கைலி கட்டுவதும் இடுப்பு. பிரசவ வலியும் இடுப்பு வலி. கொடுத்துக் கெட்ட கை மாதிரி, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு, உண்மையில் வலிக்கிற இடத்துக்கு வெளியில் சொல்ல முடியாத ஒரு பெயரை வைத்திருக்கிறார்கள்.

கவட்டை.

எழுதிவிட்டாயா புவனா? எழுதிவிட்டாள். முகம்தான் சிவந்திருக்கிறது.

ஃபேக்டரி அனுப்புகிற கிளினிக்குக்கு என்னைக் காரில் கூட்டிப் போனது புவனாதான். மகன் சிங்கப்பூரில், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். அவள் உள்ளேயும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் எங்கே வலி என்று மலாயில் கேட்டார்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காப்பிக் கடையில் நான் வாயைத் திறந்தால் பெண்பிள்ளைகளோடு வந்தவர்கள் மேசை மாறி உட்காருவார்கள். அப்படிப்பட்ட வாய் மருமகள் பக்கத்தில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. மருமகளை வைத்துக்கொண்டு கவட்டை என்று எப்படிச் சொல்வது? மலாயில் இந்த இடத்துக்குப் 'பிங்குல்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் நான் அதைக் கேட்டதெல்லாம் பெண்கள் நடையைப் பற்றி ஆண்கள் பேசும்போது மட்டும்தான். அதையும் விட்டேன். 'பிங்காங்' என்றேன்.

பிங்காங் என்றால் கைலி கட்டுகிற இடுப்பு. டாக்டர் என் முதுகுப் பக்கம் பார்த்தார். சிறுநீரகமாக இருக்கலாம் என்றார். ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து மூத்திரம் பிடித்துவரச் சொன்னார்.

ஒரு மனிதன் வெட்கப்பட்டதற்குக் கிடைத்த தண்டனையைப் பாருங்கள். கவட்டை என்று சொல்லக் கூச்சப்பட்டவன், மருமகள் பார்க்க மூத்திர டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக் முழுக்க நடந்தேன்.

முட்டிக்கு விழுந்த பழி

மூத்திரத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி போனேன். இந்த முறை முட்டியைக் காட்டினேன். அங்கேயும் வலித்தது உண்மைதான், முழுப் பொய் இல்லை. முட்டி கௌரவமான இடம். யார் முன்னாலும் காட்டலாம்.

டாக்டர் முட்டியைப் படம் பிடிக்க அனுப்பினார். நல்லாத்தான் இருக்கு, லேசாகச் சுளுக்கியிருக்கும் என்றார். மாத்திரை கொடுத்தார். முட்டிக்கு ஒரு உறை கொடுத்தார். முட்டியில் ஊசி போட்டார். அடுத்த தடவை வேறு மாத்திரை. அதற்கடுத்த தடவை, உடம்பைக் குறை என்றார். ஏழு மாதம் என் முட்டி, செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கியது.

நான் தப்பான வாசலைக் காட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் படித்தவர். ஒரு நாளாவது என்னைப் படுக்க வைத்து அந்தக் காலை மடக்கிப் பார்த்தாரா? மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே என் முட்டியோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார். வீட்டில் குழாய் ஒழுகினால் பைப்காரன்கூட நான் காட்டுகிற இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. "அண்ணே தள்ளுங்க" என்று மேலேயும் கீழேயும் பார்ப்பான்.

மாரிமுத்துவின் நடை

இதற்குள் நான் நொண்ட ஆரம்பித்திருந்தேன். வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு வலது பக்கம் சாயும். படகு போல.

இந்த நடை எனக்குப் புதிது இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் என் பங்கையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.

ஃபேக்டரிக்கு வருவதற்கு முன்னால், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினேன். அங்கே மாரிமுத்து என்று ஒருத்தர் லாரியில் குலை ஏற்றுவார். எப்போதோ விழுந்து, அதிலிருந்து நொண்டி. எனக்கு அப்போது இருபது வயது, கொழுப்பும் அதே அளவு. அவர் பின்னாலேயே அவரைப் போல நடந்து காட்டுவேன். லைன் வீட்டு ஆட்கள் சிரிப்பார்கள். நான் அதைச் சம்பளம் போல வாங்கிக்கொள்வேன்.

ஒரு நாள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"இப்பிடி நடந்தா ஒனக்கு வலிக்குதாடா?" என்றார்.

"இல்லண்ணே."

"அப்ப நீ தப்பா நடக்கிற."

அவ்வளவுதான். போய்க் குலையைத் தூக்கினார். எனக்குப் புத்தி வந்ததா? வரவில்லை. போன வருடம் ஃபேக்டரி டின்னரில் மேடை ஏறி, ஒரு நொண்டிக் கிழவனாக நடித்தேன். மாரிமுத்து நடைதான். பரிசாக ஒரு மின்விசிறி கொடுத்தார்கள்.

அதனால் இந்த வருடம் நான் நிஜமாக நொண்டியபோது ஃபேக்டரி என்ன செய்தது? கை தட்டியது.

சூப்பர்வைசர் குணா மட்டும் கை தட்டவில்லை. குணா என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். தமிழ்ப் பையன். மேலிடத்துக்கு ஏறியதும் மற்ற தமிழர்களை ஏணிப்படியாகப் பார்க்கிற ரகம்.

"செல்லையா, போன டின்னர்ல பாத்த அதே நடைதானே? புதுசா ஒண்ணும் இல்லியா?"

"நெஜமா வலிக்குது குணா."

"முட்டி நல்லாருக்குன்னு கிளினிக்ல எழுதியிருக்கான் லா. சீக்கிரம் நட. கன்டெய்னர் நிக்குது."

முப்பது வருடம் ஊரைச் சிரிக்க வைத்ததற்குக் கூலி: நான் அழுதாலும் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பந்தும் மங்கும்

கடைசியில் மல்லிகா சண்டை போட்டு என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். எலும்பு டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், தலையில் முக்காடு, என் மகள் வயது. பக்கத்தில் புவனா. அறையில் இரண்டு பெண்கள். என் வாய்க்கு மறுபடி பூட்டு. முட்டியைக் காட்டினேன்.

அவர் முட்டியைப் பார்க்கவே இல்லை. படுங்க பாக்சிக், அதாவது மாமா, என்றார். என் வலது காலை மடக்கினார். ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாதத்தை மெதுவாக வெளிப் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான் செய்தார்.

"ஐயோ என் கவட்ட!"

ஆஸ்பத்திரியின் அந்த வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். ஏழு மாதம் நான் மறைத்து வைத்திருந்த வார்த்தையை என் கால் தானே சொல்லிவிட்டது. புவனா சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

பிறகு படம் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. அது உட்காரும் குழி ஒரு 'மங்கோக்' என்றார். மங்கோக் என்றால் கிண்ணம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பால் பிடிக்கிற கிண்ணத்தை நாங்கள் மங்கு என்றுதான் சொல்வோம். இடது பக்கம் பார்த்தேன்: மங்குக்குள் உருண்டையாக ஒரு பந்து. வலது பக்கம் பார்த்தேன்: யாரோ உட்கார்ந்து நசுக்கிய பந்து. ரத்தம் ஓடாமல் எலும்பு செத்து, அமுங்கிப்போயிருக்கிறது.

"அப்ப முட்டி?" என்றேன்.

முட்டிக்கு ஒன்றுமில்லை. இந்த மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பு கிளை விடுகிறதாம். இங்கே வீடு எரிந்தால் அங்கே மணி அடிக்கும். நாங்கள் ஏழு மாதம் மணிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம்.

முன்னாலேயே வந்திருந்தால் பந்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம், இப்போது மாற்றத்தான் வேண்டும் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரில் திரும்பினோம். புவனா ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னாலதான் சொல்லலியா மாமா?"

"சீ, அதெல்லாம் இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. வெளிய இருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வெளிய இருந்திருப்பேன்ல?"

இதைத் தட்டும்போது அவள் விரல் கொஞ்சம் வேகமாகப் போகிறது.

எந்தக் கையில் தடி?

அறுவைக்கு நாள் கிடைக்கும்வரை தடி ஊன்றச் சொன்னார்கள். அதற்கு ஒரு பயிற்சிக்காரர், சீனப் பையன். நான் தடியை வலது கையில் பிடித்தேன். வலது கால்தானே வலி? அவன் தலையை ஆட்டிவிட்டு இடது கைக்கு மாற்றினான்.

அலமாக், இவன் என் ஃபைலை மாற்றி எடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடந்து பார்த்தால் சாய்வு பாதி குறைந்துவிட்டது. அவன் ஏன் என்று நின்று காட்டினான். அதைப் பிறகு சொல்கிறேன், அது எனக்கு ஆயுதமாகப் பயன்பட்டது.

மறுநாள் தடியோடு ஃபேக்டரிக்குப் போனேன். டாக்டர் சீட்டில் லேசான வேலை கொடுக்கச் சொல்லி இருந்தது. குணா சீட்டைப் படிக்கவில்லை. என் கையைப் பார்த்தான். பிறகு காலைப் பார்த்தான். அவன் முகத்தில் லாட்டரி விழுந்தது.

"வலி எந்தக் காலு?"

"வலது."

"தடி எந்தக் கையில?"

"எடது. அங்கதான் புடிக்கச் சொன்னாங்க."

"யோவ், நடிக்கிறதுக்கு முன்னாடி எந்தக் காலுன்னாச்சும் ஞாபகம் வச்சுக்க மாட்டியா?"

படம் எடுத்தான். ஃபேக்டரி ஆட்கள் எல்லோரும் இருக்கிற கைப்பேசிக் குழுவில் போட்டான். அடியில் 'நடிகர் திலகமே கால் மாறிடுச்சு' என்று ஒரு வரி. நூறு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். அதில் என்னோடு பதினோரு வருடம் அலமாரி தூக்கியவர்களும் உண்டு. ஒருத்தன்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. பொய்யாக நோய் காட்டி வேலையைத் தவிர்ப்பதாகப் புகார். மேனேஜர் முன்னால் வந்து விளக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேலை நீக்கம். எனக்கு ஐம்பத்தாறு வயது. பந்து நசுங்கிய காலை வைத்துக்கொண்டு, 'பொய்க்காரன்' என்ற பேரோடு வேறு எந்த வாசலில் போய் நிற்பேன்?

அன்றைக்கு வீட்டில் நான் சோறு தின்னவில்லை. மல்லிகா ஒரு சொல் சொன்னாள். "சிரிக்க வச்சே கெட்டீங்க. நாளைக்குப் போயி ஒரு ஜோக்கும் சொல்லாதீங்க."

மேனேஜர் அறை

போனேன். மேனேஜர் சீனர், ஐம்பது வயது, குறைவாகப் பேசுகிறவர். குணா கைகட்டி ஓரமாக நின்றான். மேசைமேல் அந்தப் படம், காகிதத்தில் பெரிதாக எடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் நான் கொண்டுபோன எலும்புப் படத்தை வைத்தேன். மேனேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் என்னைப் போலத்தான், நல்லி எலும்பு வரைக்கும் தெரியும் போல.

"தடி ஏன் இந்தக் கையில்?" என்று மலாயில் கேட்டார். கேள்வி அது ஒன்றுதான்.

வாய் வரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன். "பாஸ், குணாவை ஒத்தக் காலில் நிற்கச் சொல்லுங்க" என்றேன்.

குணா சிரித்தான். மேனேஜர் சிரிக்கவில்லை. "நில்" என்றார்.

குணா இடது காலைத் தூக்கி வலது காலில் நின்றான். மேனேஜருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னேன்.

"வலது கைய இடுப்புக்குக் கீழ, பக்கவாட்டுல வையி. எலும்பு முட்டுற எடத்துக்கு மேல. கல்லு மாதிரி இறுகியிருக்கா?"

"ம்."

"அந்தச் சதைதான் நீ எடது பக்கம் சாஞ்சு விழாமப் புடிச்சிருக்கு. அது இறுகுறப்ப பந்தை மங்குக்குள்ள வச்சு நசுக்கும். ஒன் பந்து நல்ல பந்து, தாங்கும். இப்ப எடது கைய மேசையில ஊனு. நல்லா ஊனு."

ஊன்றினான்.

"சதையத் தொட்டுப் பாரு."

அவன் தொட்டான். முகம் மாறியது. கையை எடுத்தான், மறுபடி ஊன்றினான், மறுபடி தொட்டான். கல் இளகிவிட்டது என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் மேனேஜரே எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒற்றைக் காலில் நின்று, டையும் சட்டையுமாகத் தன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மேசையில் வைத்தார், எடுத்தார், வைத்தார்.

"அந்த மேசைதான் பாஸ் என் தடி" என்றேன். "வலது கையில பிடிச்சா பாதி வேலைதான் செய்யும். நான் எந்தக் காலுன்னு மறக்கல. ஏழு மாசமா ராத்திரி பகலா அதுதான் எனக்கு ஞாபகப்படுத்துது."

அறையில் மூன்று பேர். இரண்டு பேர் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். நொண்டி நான் மட்டும் இரண்டு காலில். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு குணாவின் சட்டையைப் பிடித்துவிடுவேனோ என்று தடியை இறுக்கிக்கொண்டேன்.

மேனேஜர் காலைக் கீழே வைத்தார். கழுத்துப்பட்டையைச் சரி செய்தார். குணாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவர் சொன்னது என்னவென்றால்

"மாமா, நிறுத்துங்க. வண்டி வந்துருச்சு."

"இரும்மா, முக்கியமான எடம்."

"ஃபேக்டரி வேன் மாமா. அவருதான் ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு."

ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். குணாதான். மேனேஜர் சொன்ன வாக்கியம் வாசலில் வந்து நிற்கிறது. செல்லையாவை நீயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட வேண்டும், பிறகு நீயே கூட்டி வர வேண்டும். வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறான். பையை மல்லிகாவின் கையிலிருந்து வாங்கப் பார்க்கிறான். அவள் கொடுக்கவில்லை.

"மெதுவா வாங்கண்ணே. அவசரமில்ல."

அண்ணே. பதினோரு வருடத்தில் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்டானா என்று வாசகர்கள் கேட்பார்களே மாமா, என்கிறாள் புவனா. கேட்கவில்லை என்று போடு. குழுவில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது என்றும் போடு.

சரி, கூப்பிடுகிறார்கள், போகிறேன். அந்த வேனுக்குப் படி உயரம். ஏற வேண்டுமென்றால் இந்தக் காலை யாராவது இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். வழக்கமாக நானே தூக்கி வைத்துக்கொள்வேன்.

இன்றைக்கு அவன் தூக்கி வைக்கட்டும்.